குளக்கரையில் ஏழு நிமிடம்: பள்ளிப் பிள்ளைகளுக்கு வி.ஆர். கண்ணாடியில் இயற்கையைக் காட்டுவது எப்படி

எங்கள் பள்ளியின் இரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பனியன் கம்பெனியின் தகரக் கூரை தெரியும். அதைத் தாண்டினால் இன்னொரு கூரை. திருப்பூரில் பிளஸ் டூ பெண் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். அலையாத்திக் காடு, சோலைக் காடு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அந்தத் தகரத்தைப் பார்த்தபடி நின்ற நாட்கள் நிறைய. பிள்ளைகளுக்குக் காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தேர்வு. "மரத்தடியில சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். ஒருத்தியும் உடனே பதில் சொல்லவில்லை. எல்லோரும் யோசித்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வருடம்தான் முன்னாள் மாணவிகள் சேர்ந்து, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற குவெஸ்ட் 2 என்ற வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடிகள் இரண்டை வாங்கித் தந்தார்கள். தலையில் மாட்டினால் வேறோர் இடத்தில் இருப்பது போலவே சுற்றிலும் காட்சி தெரியும். இரண்டு வருடமாக அவற்றை வைத்து வாரம் ஒரு பீரியட் நடத்துகிறேன். வேறு பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், செய்து பார்த்ததை எழுதிவைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்தில் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள், கேமரா அசையாமல் இருக்கட்டும், ஏழு நிமிடம் போதும், கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேச வேண்டாம்.

இதனால் பலன் உண்டா?

எங்கள் தலைமையாசிரியை முதலில் கேட்டது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி. அவருக்கு நான் சொன்ன முதல் கதை ரோஜர் உல்ரிச் என்பவருடையது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிப் பேர் படுத்திருந்த அறையின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 1984-இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது. எங்கள் தகரக் கூரையை அவருக்குக் காட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

வி.ஆர். பற்றி நேரடியாகச் செய்த ஆய்வுகளும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. முதலில் ஒருவர் தன் அலுவலக வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் வீடியோவைப் போட்டு, வந்தவர்களுக்கு நன்றாகச் சலிப்பு ஏற்றினார்கள். அப்புறம் பவளப்பாறைக் காட்சியைச் சிலருக்கு டிவியிலும், சிலருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி தெரியும் 360 டிகிரி வீடியோவாகக் கண்ணாடியிலும், சிலருக்குக் கணினியில் வரைந்த, தொட்டு இயக்கக்கூடிய வி.ஆர். காட்சியாகவும் காட்டினார்கள். மூன்றிலுமே சலிப்பு குறைந்தது. கடைசி வகையில் உற்சாகமும் கூடியது. டிவியில் பார்த்தாலும் பலன் இருந்தது என்பதை மறக்காதீர்கள், பட்ஜெட் பேசும்போது அதற்கு வருகிறேன்.

அதே வருடம் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியம். ஆறு நிமிடம் சிலர் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். சிலர் அதே இடத்தைக் கண்ணாடியில் பார்த்தார்கள். சிலர் பசுமையே தெரியாத அறையில் இருந்தார்கள். அறையில் இருந்தவர்களைவிட மற்ற இரு சாராருக்கும் மனநிலை நன்றாக இருந்தது. ஆனால் வெளியே உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது கூடியது. கண்ணாடியில் பார்த்தவர்களுக்கு இருந்தபடியே இருந்தது. அதனால் பள்ளிக்குள் நல்ல மரம் இருந்தால், கண்ணாடியைத் தேடுவதற்கு முன் பிள்ளைகளை அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு வேப்பமரம், அதன் நிழலிலும் பாதி சைக்கிள் ஸ்டாண்ட்.

என்ன வாங்குவது

குவெஸ்ட் 2 வந்தது 2020-இல். புதிதாக வாங்குபவர்கள் 2024-இல் வந்த 3எஸ் மாடலைப் பார்க்கலாம். எங்கள் வேலைக்குப் பழையதே போதும். வாங்கும்போது லென்ஸைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், கீறல் இருந்தால் வேண்டாம். அப்புறம் திரையைப் போட்டு வெள்ளைப் பக்கம் ஒன்றைப் பாருங்கள். மங்கலான புள்ளியோ கோடோ தெரிந்தால் அது வெயில் சுட்ட தழும்பாக இருக்கும். அந்த லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி. வெயில் நேராக விழுந்தால் உள்ளே திரையைப் பொசுக்கிவிடும். எங்கள் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்து மறந்தால் அவ்வளவுதான். பயன்படுத்தாத நேரமெல்லாம் உறைக்குள், அலமாரிக்குள் இருக்க வேண்டும்.

பணம் இல்லை என்றால் அட்டைப்பெட்டிக் கண்ணாடியும் கைப்பேசியும் போதும். கூகுள் 2014-இல் கொண்டுவந்த அந்த எளிய வடிவத்தில் இன்றும் கடைகளில் பல மாதிரிகள் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏதாவது 360 டிகிரி வீடியோவைத் திறந்து, கைப்பேசியைக் கையில் பிடித்தபடி நீங்கள் சுற்றிப் பாருங்கள். காட்சியும் கூடவே திரும்பினால் சரி. திரும்பாவிட்டால் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் அந்தக் கைப்பேசியில் இல்லை, இதற்கு உதவாது. அதுவும் இல்லை என்றால், இருட்டாக்கிய அறையில் புரொஜெக்டரில் ஏழு நிமிடம் ஒரு குளத்தைக் காட்டுங்கள். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த இடத்தைக் காட்டுவது

நான் தவறு செய்து கற்றுக்கொண்ட பகுதி இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் இணையத்தில் கிடைத்த அழகான வீடியோக்களைத்தான் போட்டேன். பனிமலை, பெரிய அருவி, டிரோனில் பறந்து எடுத்த காடு. பிள்ளைகள் "சூப்பர் டீச்சர்" என்றார்கள். கழற்றியதும் சத்தம் போட்டுப் பேசினார்கள், அடுத்து என்ன படம் என்று கேட்டார்கள். சினிமா பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மனம் அடங்கவில்லை. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதியர் 1989-இல் எழுதியதைப் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. இலை அசைவது, தண்ணீர் நெளிவது, மேகம் நகர்வது போன்றவை நம் கவனத்தை மெல்ல இழுக்கின்றன. முயற்சி எதுவும் தேவைப்படுவதில்லை. அந்த நேரத்தில், பாடத்துக்காக இறுக்கிப் பிடித்து வைத்திருந்த கவனம் ஓய்வெடுக்கிறது. பறந்து பாயும் காட்சியில் அந்த ஓய்வு ஏது?

பறக்கும் காட்சியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கண் 'நகர்கிறோம்' என்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'இல்லையே, உட்கார்ந்துதானே இருக்கிறோம்' என்று சொல்லும். இந்த முரணில்தான் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. பிச்சாவரம் போயிருந்தபோது படகிலேயே கேமராவை வைத்து அலையாத்திக் காட்டுக்குள் எடுத்து வந்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. நான்காவது நிமிடத்தில் ஒரு பிள்ளை கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். அந்தப் பதிவை அன்றே அழித்தேன். அதிலிருந்து கேமராவைத் தரையில் ஊன்றித்தான் எடுக்கிறேன்.

அப்புறம்தான் நஞ்சராயன் குளம் நினைவுக்கு வந்தது. ஊத்துக்குளி சாலைப் பக்கம், எங்கள் ஊரின் வாசலிலேயே இருக்கும் குளம். நல்லாற்றின் தண்ணீர் வந்து சேரும் இடம். 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஏறக்குறைய 126 ஹெக்டேர். சாயத் தண்ணீருக்குப் பெயர்போன ஊரில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரணாலயம் என்பதால் பள்ளிக் கடிதத்தோடு வனத்துறையிடம் முன்அனுமதி பெற்றேன். நீங்களும் காடு, சரணாலயம் எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் உங்கள் ஊர் ஏரிக்கரையோ தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றடியோ போதும்.

எடுப்பது எப்படி

360 டிகிரி கேமராவை ஒரு கல்யாண ஸ்டுடியோவில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். வாடகைக்கு எடுக்கும்போது படத்தில் எத்தனை புள்ளிகள், அதாவது எத்தனை கே என்று கேளுங்கள். 4கே என்றால் சுற்றிலும் 360 டிகிரிக்குச் சேர்த்து 3840 புள்ளிகள். கண்ணாடி ஒரு நேரத்தில் காட்டுவது கிட்டத்தட்ட 90 டிகிரிதான். அப்படியானால் கண் முன்னால் நிற்பது 960 புள்ளி. பறவை கரும்புள்ளியாகத்தான் தெரியும். 5.7கே குறைந்தபட்சம் வேண்டும்.

காலை ஆறு மணிக்கே கரையில் இருங்கள். முக்காலியைத் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். பார்க்கும் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவள் கண் உயரம் அதுதான். நான் முதலில் என் தலை உயரத்துக்கு வைத்து எடுத்தேன். "டீச்சர், மிதக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள். கேமராவுக்கு முதுகு என்று ஒன்று கிடையாது, எல்லாப் பக்கமும் பார்க்கும். அதனால் கைப்பேசியில் பதிவைத் தொடங்கிவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். 12 நிமிடம் ஓடவிட்டு நல்ல ஏழு நிமிடத்தை வெட்டி எடுக்கலாம்.

சத்தத்தை விட்டுவிடாதீர்கள், காட்சிக்குச் சமமான வேலை அதற்கு உண்டு. கேமராவின் மைக்கில் காற்றின் இரைச்சல்தான் ஏறும். ஒரு கைப்பேசியை மெல்லிய துணியில் சுற்றி, காற்றுக்கு மறைவாகக் கேமராவின் காலடியில் வைத்துத் தனியாகப் பதிவு செய்து, பின்னால் சேர்த்துவிடுங்கள். மேலே புல்லாங்குழல், வீணை எதுவும் வேண்டாம். நாமக்கோழி தண்ணீரில் ஓடும் சத்தமும் தூரத்தில் போகும் டவுன் பஸ்ஸின் ஹாரனும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் பதிவில் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு செவலை நாய் கரையில் வருகிறது. கேமராவை நிமிர்ந்து பார்க்கிறது, மோந்து பார்க்கிறது, பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது. வெட்டிவிடலாமா என்று நினைத்தேன். வெட்டவில்லை. பிள்ளைகளுக்கு இன்றுவரை அதுதான் பிரியமான இடம்.

வகுப்பில் நடத்தும் முறை

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஐந்தாம் பீரியடை எடுத்துக்கொண்டேன், ஆனால் சாப்பிட்டவுடன் போட மாட்டேன். 15 நிமிடமாவது போக வேண்டும். பார்க்க ஏழு நிமிடம், மாட்டவும் துடைக்கவும் மூன்று நிமிடம். மீதி அரை மணி நேரத்தில் கண்ணாடிக்கு மூன்று பேர், மொத்தம் ஆறு பேர். 48 பேர் உள்ள வகுப்பில் ஒரு சுற்று முடிய எட்டு வாரம் ஆகிறது. வரிசை எண்படிதான் கூப்பிடுகிறேன். 'பிரச்சனை உள்ள பிள்ளைகள்' என்று பொறுக்கி எடுத்தால் அந்தக் கண்ணாடி ஒரு முத்திரை ஆகிவிடும், அதை மாட்டிக்கொள்ளவே வெட்கப்படுவார்கள். காத்திருப்பவர்கள் வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு இலையை வைத்து நரம்பு நரம்பாக வரைகிறார்கள். அதுவும் அதே மருந்துதான்.

கம்ப்யூட்டர் லேபின் சுழல் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு பார்க்க விடாதீர்கள். நாற்காலிச் சக்கரம் உருளாமல் கீழே பழைய சாக்கு விரியுங்கள். வீடியோவை முன்பே கண்ணாடியில் ஏற்றிவிடுங்கள், பள்ளி இணையத்தை நம்பினால் பீரியட் போய்விடும்.

இரட்டைச் சடையும் ரிப்பனும் பட்டைக்கு இடைஞ்சல். கண்ணாடி 503 கிராம், இறுக்கிக் கட்டாவிட்டால் மூக்கில் இறங்கும். பட்டையின் பின்பகுதி பிடரிக்கு மேலே, மண்டை உள்வளையும் இடத்தில் உட்கார வேண்டும். சடையை அதற்குக் கீழே விட்டுவிட்டால் வலிக்காது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு உள்ளே வைக்கும் சட்டம் கூடவே வரும், அதைப் பொருத்துங்கள். குவெஸ்ட் 2-இல் லென்ஸ்களின் இடைவெளிக்கு மூன்று நிலைகள் உண்டு. மங்கலாக இருக்கிறது என்று சொன்னால் அடுத்த நிலைக்கு நகர்த்திப் பாருங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிற பிள்ளைக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

தேங்காய் எண்ணெய், வியர்வை, பவுடர் எல்லாம் நுரைப் பட்டையில் ஏறும். எங்களுக்கு ஒரு பிள்ளையின் அம்மா வழி சொன்னார். "ஏனுங்க டீச்சர், கட்டிங் வேஸ்ட்ல நான் தெச்சுத் தர்றனுங்க" என்று சொல்லி, பனியன் துணியில் கண் பக்கம் ஓட்டை விட்டு 50 உறைகளை ஓவர்லாக் அடித்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி வைத்திருக்கிறோம், வீட்டில் துவைத்துக் கொண்டுவருகிறார்கள். லென்ஸை மட்டும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்; சானிடைசர் பட்டால் பூச்சு போய்விடும். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் உறை இருந்தாலும் முழுசாக நிறுத்திவிடுங்கள்.

மாட்டும்போது நான் சொல்வது இவ்வளவுதான்: "கண்ணை மூடிக்கோ கண்ணு. முதல்ல சத்தத்தை மட்டும் கேளு. எப்போ தோணுதோ அப்போ கண்ணைத் திற." அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் திறப்பார்கள். தோள் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு கை மட்டும் கீழே இறங்கி, காற்றில் எதையோ தடவும். நாய் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நடுவில் தொட வேண்டியிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தொடுங்கள். அவள் இருப்பது வேறு இடத்தில். திடீரென்று ஒரு கை பட்டால் பதறிவிடுவாள். யாரும் வீடியோ எடுக்கவோ சிரிக்கவோ கூடாது. இதில் நான் கண்டிப்பானவள்.

கழற்றிய பிறகு

மூன்று நிமிடம் பேச்சு இல்லை. அப்புறம் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி. "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றுதான் வரும். "என்ன கேட்டாய், என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "தண்ணிக்குள்ள வானம் ஆடுச்சு" என்று ஒருத்தி எழுதினாள். "கணக்கு டெஸ்ட் இருக்குன்னு நாய் வந்தப்புறம்தான் மறந்தேன்" என்று இன்னொருத்தி. இதற்கு மதிப்பெண் கிடையாது, சத்தமாகப் படிப்பதும் கிடையாது.

சிலருக்கு அழுகை வரும். ஒடிசாவிலிருந்து ஐந்து வயதில் வந்து, எங்களோடு தமிழ்ப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிற ஒரு பிள்ளை, ஏழு நிமிடம் முடிந்தும் கண்ணாடியைக் கழற்றவில்லை. பட்டைக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. பாட்டி ஊர்க் குளம் இப்படித்தான் இருக்கும் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்து அடுத்த மணி அடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு பிள்ளைக்காகவாவது அந்தப் பீரியடில் உங்களுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. தூக்கமே இல்லை, சாப்பிடவே தோன்றவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது இந்தக் கண்ணாடி தீர்க்கிற விஷயம் இல்லை. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அன்றே பேசி, ஆலோசகரிடம் சேர்த்துவிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் அறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு வந்தவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், தலையில் அடிபட்டவர்கள், காய்ச்சலோ காதுவலியோ உள்ளவர்கள். இதைப் பெற்றோரிடம் தமிழில் எழுதிக் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே தண்ணீர், உயரம், இருட்டு இவற்றில் பயம் உண்டா என்றும் கேளுங்கள். கிணற்றில் தம்பியைப் பறிகொடுத்த பிள்ளை ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அவளைக் குளத்தின் முன்னால் உட்கார வைத்திருப்பேன். அவளுக்காக வால்பாறைப் பக்கம் ஒரு சோலை ஓரத்தில் வேறு பதிவு எடுத்தேன்.

சுற்று முடிந்ததும் ஜனவரியில் ஒரு சனிக்கிழமைத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி, நிஜக் குளத்துக்கே கூட்டிப் போகிறேன். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும், வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். வகுப்புக்கு இரண்டு பைனாகுலர் போதும். பறவைப் பட்டியல் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்ல வேண்டாம், அதைத் திரும்பி வந்து செய்துகொள்ளலாம். போன முறை இறங்கியதுமே நான்கு பேர் என்னைக் கேட்காமல் நேராக நடந்து, முக்காலி நின்ற இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். "டீச்சர், புளியமரம் இந்தப் பக்கம்தான் இருக்கணும்" என்று ஒருத்தி திரும்பாமலே கையைக் காட்டினாள். இருந்தது.